மீண்டும் ஆடினோம்

இல்லறத்தாருக்கு ஆடல் ஆகாது என்று எந்த நூலும் விதித்ததாக நாம் அறியோம். ஆயினும் எமது நாட்டுப்புறங்களிலே, கழுத்தில் தாலி ஏறியதும் பெண்ணின் காலும், தலையிற் குடும்பப் பாரம் ஏறியதும் ஆணின் காலும் தாமாகவே அடங்கிவிடுகின்றன. பாட்டு அவ்வாறு அடங்குவதில்லை. அடுக்களையில் நின்றும் பாடலாம்; வயல் வரம்பில் நின்றும் பாடலாம்; பிள்ளையை மடியிற் கிடத்தியும் பாடலாம். ஆட்டமோ இடம் கேட்கும், துணை கேட்கும், வெட்கத்தை விட்டுவிடு என்றும் கேட்கும். ஆகவே வீட்டைவிட்டு முதலில் வெளியேறுவது அதுவே. நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நாமும் எம் மனைவியாரும் அதுவரை ஒரு நாளேனும் ஒருங்கே ஆடியதில்லை. எமது எழுபதாவது வயதில் அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லப் புகுகின்றோம். இடையிடையே அரசியலும் வந்து கலக்கும். அதனை விலக்கிவிட்டு இக்கதையைச் சொல்ல வழி தெரியவில்லை.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல்வரை உள்ள நிலத்தை எழுவான்கரை என்பர்; மேற்கே வயல்கள் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்பர். நாம் பிறந்தது படுவான்கரையில். எமது இளமையில் அங்கே கூத்து என்பது ஓரிரவுப் பொழுதுபோக்கு அன்று; பல மாத வேலை. வேளாண்மை வெட்டி நெல் வீடு சேர்ந்தபின் ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்தக் கூத்தைப் பழகுவது என்று முடிவு செய்வார்கள். அண்ணாவியார் இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, குரலையும் உயரத்தையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று வகுப்பார். அவரவர் பாடவேண்டிய பகுதியை எழுதிக் கொடுப்பதற்குச் சட்டங் கொடுத்தல் என்று பெயர். அதன்பின் இரவுதோறும் பழக்கம். கால் ஓரளவு படிந்தபின் நல்லதொரு நாளிற் சதங்கை அணி விழா. பின்னர் அடுக்குப் பார்த்தல். அதன் பின்னரே அரங்கேற்றம். வட்டமாகக் களரி அமைத்து, மேலே வெள்ளை கட்டி, சுற்றிலும் வாழைக்குற்றி நட்டு விளக்கேற்றித் தொடங்கினால், கிழக்கு வெளுக்கும்போதுதான் கூத்து முடியும். அரங்கேறிய பின்னும் ஓய்வில்லை. வீட்டுக்கு வீடு சென்று முற்றத்தில் ஆடவேண்டும். வீட்டுக்காரர் மனமுவந்து கொடுப்பதைப் பெறவேண்டும்.

கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு வகை உண்டென்பதை மாணவர்கள் பாடநூலிற் படித்திருப்பார்கள். எமது ஊர் வடமோடி ஊர். பாரதப் போரும் இராமாயணப் போருமே அதன் கதைகளிற் பெரும்பாலானவை. கரப்புடுப்பும் கனத்த முடியும் அணிந்து இரவு முழுவதும் ஆடுவது இலேசான காரியம் அன்று. வீசாணம், எட்டு, நாலடி, பாய்ச்சல் என்று ஆட்டங்களுக்குத் தனித்தனிப் பெயருண்டு. அவற்றை எழுத்தில் விளக்கப் புகுந்தால் வாசகரும் எழுந்து நின்று காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க நேரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்துன்பத்தைக் கொடுக்க விரும்பவில்லை.

நகரத்தார் ஒருகாலத்தில் இதனைப் பட்டிக்காட்டான் குதியல் என்று இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியைப் பெரிதும் குறைத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இல் கர்ணன் போரையும், 1964 இல் இராவணேசனையும் அவர் மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சிறிது நேரத்துள் அடங்கும்படி சுருக்கியமைத்தார். எமது ஊர்ப் பெரியவர் சிலர், "கூத்தைக் கத்தரித்துவிட்டார்களாம்" என்று முணுமுணுத்தார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் எங்கள் கூத்து ஆடப்படுகிறதென்று அயலூரில் மார்தட்டியவர்களும் அவர்களே.

1970 இல் எமது ஊரிற் கர்ணன் போர் பழகினார்கள். அண்ணாவியார் எம் தாயாரின் உடன்பிறந்தவர், எமக்கு மாமா. மருமகன் என்ற சலுகையாற் கன்னன் பாத்திரம் எமக்குக் கிடைத்ததென்று அக்காலத்தில் ஒரு பேச்சு எழுந்தது. அப்பேச்சை எழுப்பியவர்கள் மாமாவின் கையிலிருந்த கம்பின் சுவையை அறியாதவர்கள். ஒரு தாளத்தீர்வு பிசகினால் கணுக்காலிற் கம்பு விழும். மருமகனுக்கு இரட்டிப்பாக விழும். போருக்குப் புறப்படும் கன்னன் தன் தேவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தை மட்டும் முப்பது நாளுக்குக் குறையாமற் பழக்கினார். அன்று பொன்னுருவியாக வந்தவர் எமது பள்ளித் தோழர் ஒருவர். கூத்தில் ஆண்களே பெண் வேடம் புனைவது அன்றைய வழக்கு. பெண்கள் களரியைச் சுற்றிப் பாய் விரித்து அமர்ந்து பார்க்கலாம். மறுநாள் அடுக்களையில் முணுமுணுக்கலாம். களரியில் இறங்கல் ஆகாது.

பழக்கம் நடந்தது மாமாவின் வளவில். பாடுவோர் அடி மறந்து தடுமாறும்போது, அண்ணாவியார் ஏட்டைப் புரட்டுமுன்னே, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமியின் குரல் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கும். மாமா திரும்பிப் பாராமலே, "உள்ள போ" என்பார். குரல் நின்றுவிடும். அடுத்த தடுமாற்றத்தில் மீண்டும் ஒலிக்கும். அக்குரலுக்கு உரியவரையே 1976 இல் நாம் மணந்தோம். எமது பகுதி வழக்கப்படி மணமகன் பெண் வீட்டிற்கே குடிபோனோம். பழக்கம் நடந்த அதே முற்றம். வளையில் தொங்கிய அதே மத்தளம்.

ஆனால் அதற்குள் நாடு வேறொரு தாளத்திற்கு மாறிவிட்டது. 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1976 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 தேர்தலிற் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. அந்நாளில் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் மாலையிற் கூத்துப் பழகப் போவானா, கூட்டத்திற்குப் போவானா? கூட்டத்திற்கே போவான். நாமும் போனோம். பாடசாலையிற் படிப்பித்துவிட்டு, சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தோம். பின்னிரவில் வீடு திரும்பினோம். எம் மனைவியார் விளக்கைத் தணித்து வைத்துக் காத்திருப்பார்.

1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளியில் மாமாவின் பெட்டகத்திலிருந்த முடிகளும் உடுப்புகளும் நனைந்து உருக்குலைந்தன. அவற்றை மீளச் செய்வதற்கு ஊரிற் பணமில்லை. சில ஆண்டுகளின் பின் மனமும் இல்லை. கூத்துக்கு இரவு வேண்டும். 1983 இற்குப் பின் இரவு எம்முடையதாக இருக்கவில்லை. இருட்டியபின் நாய் குரைத்தாலே விளக்கை அணைத்த ஊர்களில் எவர் மத்தளம் அடிப்பார்? மாமா 1988 இற் காலமானார். 1990 இல் நாம் ஊர் பெயர்ந்தபோது மத்தளத்தை எடுத்துச் செல்ல வழியில்லை. திரும்பி வந்தபோது கூரையிற் பாதி இல்லை, கதவுகள் இல்லை, பாத்திரங்கள் இல்லை. வளையில் மத்தளம் மட்டும் தொங்கிற்று. அதற்கு அக்காலத்தில் விலை ஏது?

பிள்ளைகள் இருவரும் படித்து, ஒருவர் கனடாவிற்கும் ஒருவர் கொழும்பிற்கும் போயினர். அது எல்லார் வீட்டுக் கதையுமாகையால் விரிக்கவில்லை.

எம் தந்தையாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. 1957 இல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தான செய்தி வந்த பத்திரிகையை மடித்து ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். 1958 இல் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டபின்னும் அத்தாளை அவர் எறியவில்லை. 1965 இல் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தத்தின் தாளும் அதன்மேல் ஏறியது. அதன்படி வரவிருந்த மாவட்டசபைகள் 1968 இற் கைவிடப்பட்டன. தாள் பெட்டியிலே இருந்தது. பெட்டி எமது கைக்கு வந்தது. நாம் 1987 இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் தாளை வைத்தோம். 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் தாளையும் வைத்தோம். 2015 சனவரியில் ஆட்சி மாறிய செய்தியையும், 2016 மார்ச்சில் நாடாளுமன்றம் அரசியலமைப்புப் பேரவையாகக் கூட முடிவுசெய்த செய்தியையும் வைத்தோம். பின்னொருநாள் திறந்து பார்த்தபோது, எந்தக் கட்சி, எந்த ஆண்டு என்ற பேதம் பாராமற் கறையான் அனைத்தையும் ஒரே அளவாகத் தின்றிருந்தது.

அரசியலில் மனம் கசப்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. வாலிபத்திற் கசப்பு வந்தாற் கோபமாக வெளிப்படும். முதுமையில் வந்தால் அயர்ச்சியாகத் தங்கிவிடும். 2018 ஒக்டோபர் 26 அன்று ஒரே நாட்டிற்கு இரு பிரதமர்கள் ஆயினர். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தினுள்ளே மிளகாய்த்தூள் வீசப்பட்டதைத் தொலைக்காட்சியிற் கண்டோம். எம் மனைவியார் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல தூள், இப்பிடி வீணாக்கிறாங்களே" என்றார். 2019 ஏப்பிரில் 21 இல் எமது மட்டக்களப்பு நகரிலேயே, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்திற் குழந்தைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். அன்றிரவு இருவருக்கும் பேச்சு எழவில்லை.

இவையெல்லாம் பெரிய செய்திகள். உண்மையில் எம்மை அசைத்தது ஒரு சிறிய காரியம். 1987 ஒப்பந்தத்தின் வழியாக எமக்குக் கிடைத்தது மாகாணசபை. அதன் அதிகாரம் போதாதென்று மேடைமேடையாக வாதிட்டவர்களுள் நாமும் ஒருவர். கிழக்கு மாகாணசபையின் காலம் 2017 இல் முடிவடைந்தது. அதன்பின் 2024 முடியும்வரை, ஏழாண்டுகளாக, அதற்குத் தேர்தல் நடைபெறவில்லை. ஒருநாள் வாசிகசாலையில் இதனை எடுத்துப் பேசினோம். அங்கிருந்த ஐந்தாறு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னர் ஒருவர், "ஓம் சேர், அப்பிடியொண்டு இருந்ததுதான்" என்றார். மறுத்திருந்தால் வாதாடியிருப்போம். அவர் மறுக்கவில்லை, மறந்திருந்தார். எத்தனை பேர் உயிரையும் ஊரையும் கொடுத்த ஒரு வழக்கில் வந்த சிறு ஈவு, பழைய உறவினர் ஒருவரின் பெயரைப் போல நினைவுகூரப்பட்டது. அன்று வீடு திரும்புகையிற் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தோம்.

இக்கசப்பு இல்லறத்தில் என்ன செய்தது என்பதைச் சொல்லவேண்டும். ஓய்வுபெற்றபின் மாலைதோறும் நாம் தொலைக்காட்சியின் முன் அமர்வோம். ஒரு செய்தி முடிந்தால் மற்றொரு அலைவரிசையின் செய்தி. அதன்பின் அரசியல் விவாதம். எம் மனைவியார் அருகில் அமர்ந்து மரக்கறி ஆய்வார். நாம் தொலைக்காட்சியோடு வாதாடுவோம். இடையிடையே அவரிடம் நியாயம் கேட்போம். ஒருநாள் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "செய்தி முடிஞ்சா உங்கட கதையும் முடிஞ்சிருது மச்சான்" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அவர் அதனைச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோற் சொன்னார். நாம் விடை கூறவில்லை. கூறுவதற்கு அன்றைய செய்தியில் ஒன்றும் இருக்கவில்லை.

2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. எரிவாயு கிடைக்கவில்லை; விறகடுப்பு மீண்டது. எரிபொருளுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. இவற்றோடு தொலைக்காட்சியும் வாய் மூடியது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த மூன்றாம் நாள் பூரணை. வீட்டினுள்ளே புழுக்கம் தாங்காமல் முற்றத்திற் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். எம் மனைவியார் நிலவொளியிற் சுளகை மடியில் வைத்து அரிசியிற் கல் தேடிக்கொண்டிருந்தார். தேடி முடிந்ததும் வெறுஞ் சுளகைத் திருப்பி விரல்களால் தட்டினார். முதலில் நாம் கவனிக்கவில்லை. பின்னர் முழங்காலில் ஏதோ இழுத்தது. அது கன்னனின் வரவுத் தாளம்.

ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கேளாத தாளம். எழுந்து நின்றோம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஊரே இருளில் இருந்தது, அயலிலும் ஒரு விளக்கில்லை. இரண்டு சுற்று வந்திருப்போம். எட்டுப் போடும் இடத்தில் மூச்சு வாங்கியது. மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுளகின் ஒலி நின்றது. "வலக்கால் பிந்துது மச்சான். அப்பா இருந்தா அடி விழுந்திருக்கும்" என்றார் எம் மனைவியார்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டோம். அவர் சுளகை வைத்துவிட்டு எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டார். நாம் பிசகிய இடத்தைப் பிசகாமல் ஆடிக் காட்டினார்.

வாசகர்காள், நாற்பத்தாறு ஆண்டுகள் எமக்குச் சோறு இட்டவர், பிள்ளைகளை வளர்த்தவர், நாம் மேடைகளில் முழங்கிய காலத்தில் வீட்டைக் கட்டிக்காத்தவர். அவர் காலுக்குள் இப்படியொரு கூத்து முழுமையாக இருந்தது. கன்னன் மட்டுமன்று, பொன்னுருவி, குந்தி, கண்ணன், சல்லியன், கட்டியகாரன் உட்பட அனைவரின் வரவும் ஆட்டமும் அவருக்கு மனப்பாடம். சிறுமியாகக் கதவுக்குப் பின்னால் நின்றபோது வாயால் மட்டும் அடி எடுத்துக் கொடுக்கவில்லையாம். இருட்டில் காலாலும் ஆடியிருக்கிறார். அந்த அறையின் சாணித் தரை அடிக்கடி பெயர்ந்ததற்கு எலியின்மேற் பழி போட்டதாகவும் சொன்னார்.

அன்று தொடங்கியது. மத்தளத்தை வளையிலிருந்து இறக்கினோம். தோல் தளர்ந்து கிழிந்திருந்தது. எழுவான்கரையில் மத்தளம் மூட்டத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் புதுத்தோல் போட்டோம். பெற்றோல் இல்லாத காலமாகையாற் சைக்கிளின் பின்னே கட்டியே கொண்டுசென்றோம். முதல் மாதம் நாளுக்குக் கால் மணிநேரம். எமக்கு முழங்கால் வீங்கியது; அவருக்குக் குதிக்கால் குத்தியது. நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாளும் ஆடினோம். பாய்ச்சல் என்ற ஆட்டத்தை இருவரின் உடல்நலங் கருதி நடையாக மாற்றிக்கொண்டோம்.

அண்ணாவியார் அவரே. தந்தையின் கம்பைத் தவிர மற்றனைத்தும் அவரிடம் இருக்கிறது. பள்ளியில் நாற்பதாண்டு பிறரைத் திருத்திய எமக்கு, திருத்தப்படுவது புதிய அநுபவம். விடைபெறும் இடத்தில் எமக்குள் ஒரு பெரிய வழக்கே நடந்தது. கன்னன் முன்னோக்கி அடி வைத்துப் போகவேண்டும், பொன்னுருவி மறிக்கவேண்டும் என்பது நாம் பழகிய முறை. அவர் ஒப்பவில்லை. "போறவன் ரெண்டு தரம் பின்னால பார்ப்பான். அப்பா அப்பிடித்தான் பழக்கினவர். நீங்க ஆடுற நேரம் அதை விட்டுட்டீங்க" என்றார். ஏட்டைப் பார்த்தோம், ஏட்டில் பாட்டு இருக்கிறதேயன்றிக் கால் இல்லை. ஆகவே அண்ணாவியார் சொன்னதே முடிவாயிற்று. இப்பொழுது இரண்டு தரம் திரும்பிப் பார்க்கின்றோம். இரவுக்கூட்டங்களுக்குப் புறப்பட்ட நாட்களில் எவரும் இதைப் பழக்கவில்லை என்று நாம் சிரிப்பாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, தாளத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து எடுத்தார்.

பேச்சும் மாறிற்று. முன்னர் காலையில் பத்திரிகைத் தலைப்பிலே தொடங்கும் எமது உரையாடல் இப்பொழுது முதல்நாட் காலின் குறையிலே தொடங்குகிறது. ஒருவர் உடல் எங்கே நோகிறதென்று மற்றவருக்குத் தெரிகிறது. பழைய அண்ணாவிமாரைப் பற்றியும், இறந்துபோன கூத்தர்களைப் பற்றியும் பேசுகின்றோம். அவர்களிற் சிலர் எவ்வாறு இறந்தார்கள் என்பதையும் பேசுகின்றோம். அது வரையில் அவர்களுடைய பெயரைச் சொல்லவே எம் வீட்டில் ஒரு தயக்கம் இருந்தது. பொன்னுருவியாக ஆடிய தோழர் 1990 இற்குப் பின் திரும்பி வரவில்லை. அவருடைய வரவை எம் மனைவியார் ஆடியபோதுதான் முதன்முறையாக அவரை நினைத்து அழுதோம்.

ஊரில் செய்தி பரவாமல் இருக்குமா? மத்தள ஒலிக்கு மதில் இல்லை. கட்சிப் பணியில் எம்மோடு அலைந்த பழைய நண்பர் ஒருவர் வந்தார். தேநீர் அருந்திவிட்டு, "நாடு கிடக்கிற கிடையில ஆட்டமோ?" என்று கேட்டார். அவர் அன்போடு கேட்டாராகையால் அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க எமக்கு மனம் வரவில்லை. அது நியாயமான கேள்வி. அரசியலிற் சலித்தவன் வீட்டுக்குள் ஒதுங்கி இன்பம் தேடினால், களத்தில் நிற்பவனுக்கு அது துரோகமாகத்தானே தோன்றும்?

அவ்வேளையிற் கொழும்பு காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடியிருந்தார்கள். ஆடினார்கள், பாடினார்கள். மே 18 இல் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை அங்கே நினைவுகூர்ந்தார்கள் என்று கேள்வியுற்றபோது எமக்கு நம்பிக்கையும் வந்தது. நம்பிக்கையைக் கண்டு அச்சமும் வந்தது. யூலை 9 இல் சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர். யூலை 20 இல் அம்மக்களைக் கேளாமலே நாடாளுமன்றம் புதிய சனாதிபதியைத் தெரிந்தது. யூலை 22 விடியுமுன்னர் திடலிற் படை புகுந்தது. பெட்டி கறையானுக்குப் போனபின் இச்செய்தித்தாள்களை நாம் எதிலும் வைக்கவில்லை.

எமது பக்கத்து அரசியலும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. 2024 தொடக்கத்தில் மூத்த தமிழ்க்கட்சி ஒன்றின் தலைமைத் தெரிவு திருகோணமலை நீதிமன்றப் படியேறியது. அவ்வாண்டு செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தலிற் தமிழர் வாக்குப் பலவாறாகப் பிரிந்தது. நவம்பர் 14 பொதுத்தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களுள் 21 இல் ஒரே அணி முதலிடம் பெற்றது. மட்டக்களப்பு ஒன்றே தனித்து நின்று தமிழ்க்கட்சியை முதலிடத்தில் வைத்தது. அது கொள்கைப் பற்றா, பழகிய பழக்கமா என்று வெளியூர் நண்பர்கள் எம்மைக் கேட்கிறார்கள். இரண்டும் கலந்ததென்றே எமக்குத் தோன்றுகிறது. நாமும் எம் மனைவியாரும் வாக்களித்தோம். எவருக்கென்று ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. இரகசிய வாக்கு இந்நாட்டில் எங்கேனும் காக்கப்படுமாயின் அது எமது வீட்டில்தான்.

நண்பருக்கு நாம் சொன்ன விடை இது. வாக்களிப்பதை விடவில்லை, வாசிகசாலையிற் பேசுவதையும் விடவில்லை. விட்டது ஒன்றே: அடுத்த தேர்தல் எம் வீட்டின் அமைதியைக் கொண்டுவரும் என்று காத்திருப்பதை விட்டோம். கூத்தில் அரசனாக ஆடியவன் விடிந்ததும் முடியைக் கழற்றி வைத்து, முகப்பூச்சுக் கழுவாமலே வயலுக்குத் தண்ணீர் கட்டப் போவதை நாம் கண்டிருக்கின்றோம். எமது அரசியலில் முடியைக் கழற்றும் பழக்கம் குறைவு. வள்ளுவர் பெருஞ்செல்வம் வருவதையும் போவதையும் கூத்தரங்கிற் கூடிக் கலையும் கூட்டத்திற்கு ஒப்பிட்டார். பல மேடைகளைக் கண்ட எமக்கு அவ்வுவமை வாக்குறுதிகளுக்கு இன்னும் பொருந்தும் என்று தோன்றுவதுண்டு. வள்ளுவரைத் திருத்த நாம் யார்? நண்பர் இவற்றையெல்லாம் கேட்டார். ஏற்றாரோ இல்லையோ, "ஒருக்கா அடியுங்கோ பாப்பம்" என்று மத்தளத்தைக் காட்டினார். அடித்தோம். அவருடைய காலும் நாற்காலியின் கீழே அசைந்தது.

இப்பொழுது அயலிலுள்ள ஐந்து மாணவிகள் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் பெண்களும் கூத்துப் பயில்கின்ற காலமிது. ஆகவே இவர்களுக்குக் கதவுக்குப் பின்னால் நிற்கவேண்டிய தேவையில்லை. எம் மனைவியார் அவர்களை வெயில் இறங்கும்வரை விடுவதில்லை. ஒரு பிள்ளை, "அம்மம்மா, நீங்க ஏன் அந்த நாளில ஆடயில்ல?" என்று கேட்டது. "ஆடினான். நீங்க ஒருத்தரும் பாக்கல்ல" என்றார்.

சென்ற மாதம் அவர் ஒரு புதிய கட்டளை பிறப்பித்துள்ளார். வரும் சித்திரைப் பூரணைக்கு முற்றத்தில் விடைபெறும் இடத்தை முழுமையாக ஆடவேண்டும். மாணவிகள் பிற்பாட்டுப் பாடுவர். அயலவர் பாய் கொண்டுவந்து அமர்வர். ஆனால் கன்னன் அவராம்; பொன்னுருவி நாமாம். ஆண் பெண்வேடம் புனைவது எமது மரபே அன்றோ என்று அவர் கேட்கும்போது மறுக்க வழியில்லை. போகிறவனாக ஆடுவதினும் மறித்து நிற்பவளாக ஆடுவது கடினம் என்பதை இப்போது காண்கின்றோம்; தாளமும் நுட்பமானது, காலும் சிறியதாக விழவேண்டும். நேற்றும் இரண்டாம் சுற்றிற் பிசகிற்று. இன்று மாலை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.